ஜூரி சொல்லாததற்கு நீதிபதி தண்டனை கூட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வழக்குகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே சந்தேகம்தான் வருகிறது. "பன்னிரண்டு பேர் உட்கார்ந்து குற்றவாளி என்று சொன்னார்கள், சரி. அப்புறம் நீதிபதி எங்கிருந்து இன்னும் ஐந்து வருடத்தைக் கொண்டுவந்தார்?" நியாயமான சந்தேகம். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2000-ஆம் ஆண்டிலிருந்து இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது, இன்னும் முடித்தபாடில்லை. இதுவரை வந்த கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஓரிடத்தில் கோத்திருக்கிறேன். இது பொது விளக்கம்தான். சொந்த வழக்கு கையில் இருப்பவர்கள் வக்கீலைப் பார்ப்பதே சரி.

ஜூரியின் வேலை என்ன, நீதிபதியின் வேலை என்ன?

என்ன நடந்தது என்று சொல்வது ஜூரி, அதாவது வழக்கைக் கேட்கப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்து உட்கார வைக்கும் குழு. அதற்கு எத்தனை வருடம் என்று சொல்வது நீதிபதி. (டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில், குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டுக்கொண்டால் தண்டனையையும் ஜூரியே சொல்லும். அது தனிக் கதை.)

காகிதத்தில் கோடு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் "எத்தனை வருடம்" என்ற கேள்விக்குள்ளேயே "என்ன நடந்தது" என்ற கேள்வி பல சமயம் ஒளிந்திருக்கும். துப்பாக்கி இடுப்பில் இருந்ததா, கையில் எடுத்துக் காட்டினாரா? பையில் இருந்தது 20 கிராமா, 300 கிராமா? அடித்தது ஆத்திரத்திலா, இன வெறுப்பிலா? ஒவ்வொரு பதிலுக்கும் வருடங்கள் கூடும், குறையும். இவற்றை யார் முடிவு செய்வது என்பதுதான் மொத்தச் சண்டையும்.

இந்தச் சண்டை எங்கே தொடங்கியது?

நியூ ஜெர்சியில் வைன்லாண்ட் என்ற ஊர். அதுவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஒரு பகுதிக்கு ஒரு கறுப்பினக் குடும்பம் குடிவந்திருந்தது. 1994 டிசம்பர் 22 அதிகாலையில் அந்த வீட்டின் மீது சார்லஸ் அப்ரெண்டி என்பவர் சில குண்டுகள் சுட்டார். 3 மணி சுமாருக்கே பிடிபட்டு, சுட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். 6 மணி வாக்கில், மேலும் விசாரித்தபோது, கறுப்பர்கள் இந்தப் பகுதியில் இருப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஏதோ சொன்னதாகப் போலீஸ் பதிவு. பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்றார்.

அவர் மீது 23 குற்றச்சாட்டுகள். அரசுத் தரப்போடு பேரம் பேசி மூன்றை ஒப்புக்கொண்டார். முக்கியமானது, சட்டவிரோத நோக்கத்தோடு துப்பாக்கி வைத்திருந்தது. அதற்கு 5 முதல் 10 வருடம். ஆனால் நியூ ஜெர்சியில் தனியாக ஒரு வெறுப்புக் குற்றச் சட்டம் இருந்தது: இன்னொருவரை அவரது இனத்துக்காக மிரட்டும் நோக்கம் இருந்தது என்று *நீதிபதி* கண்டால், அதே குற்றத்துக்கு 10 முதல் 20 வருடம். குற்றப்பத்திரிகையில் இன வெறுப்பு என்ற பேச்சே கிடையாது. அரசுத் தரப்பு கேட்டதும் நீதிபதி ஒரு விசாரணை வைத்தார். குடிபோதைதான் காரணம் என்று அப்ரெண்டி சாட்சி சொன்னார். போலீஸ்காரர் அந்த 6 மணி வாக்குமூலத்தைச் சொன்னார். போலீஸ் சொன்னதை நம்பிய நீதிபதி 12 வருடம் போட்டார்.

2000 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் இது செல்லாது என்றது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம்: முன்பு தண்டனை பெற்றவர் என்ற ஒரே விஷயம் நீங்கலாக, சட்டம் சொல்லும் உச்ச வரம்பைத் தாண்டித் தண்டனையைக் கொண்டுபோகும் எந்தச் சங்கதியும் ஜூரி முன் வைக்கப்பட வேண்டும், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். அதற்குக் "குற்றத்தின் கூறு" என்று பெயர் வைத்தாலும் சரி, "தண்டனைக்கான காரணி" என்று பெயர் வைத்தாலும் சரி.

அப்ரெண்டி செய்தது நல்ல காரியமென்று யாரும் சொல்லவில்லை. சட்டத்தின் பெரிய கோட்பாடுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. அடுத்த கேள்வியில் வருபவர் இன்னும் மோசம்.

உச்ச வரம்பு என்பது சட்டப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்தானே?

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், 2004 வரை.

வாஷிங்டன் மாநிலத்தில் ரால்ஃப் பிளேக்லி என்பவர், பிரிந்து வாழ்ந்த மனைவியைக் கத்தி முனையில் மிரட்டி, நாடாவால் கட்டி, தன் வண்டியின் பின்பக்கத்தில் இருந்த ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு மொன்டானா வரை போனார். 13 வயது மகன் இன்னொரு காரில் பின்னால் ஓட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவைச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டல். வழியில் பெட்ரோல் பங்க் ஒன்றில் நின்றபோது பையன் தப்பித்து ஆள் கூப்பிட்டான்.

பிளேக்லி ஒப்புக்கொண்டது இரண்டாம் நிலைக் கடத்தல். அந்த வகைக் குற்றத்துக்குச் சட்டப் புத்தகத்தில் உச்சம் 10 வருடம். ஆனால் மாநிலத்தின் தண்டனை அட்டவணைப்படி, அவர் ஒப்புக்கொண்ட சங்கதிகளுக்கு 49 முதல் 53 மாதம்தான். "வேண்டுமென்றே செய்த கொடூரம்" இருந்தது என்று நீதிபதி கண்டு 90 மாதம் போட்டார். 10 வருடத்தைத் தாண்டவில்லையே, அப்ரெண்டி விதி எங்கே மீறப்பட்டது என்பது அரசுத் தரப்பு வாதம்.

உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா எழுதிய பதில்: நம் கணக்குக்கு உச்ச வரம்பு என்பது, ஜூரி சொன்னதை அல்லது குற்றவாளி ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்து நீதிபதி போடக்கூடிய அதிகபட்சம். இங்கே அது 53 மாதம். மீதி 37 மாதத்துக்கு ஜூரி இல்லை. இதுவும் 5-க்கு 4.

என்னைக் கேட்டால் உண்மையான நிலநடுக்கம் அப்ரெண்டி இல்லை, இதுதான். அப்ரெண்டி ஒரு சட்டத்தை வீழ்த்தியது. பிளேக்லி அட்டவணை வைத்துத் தண்டனை கணக்குப் போடும் மாநிலங்களையெல்லாம் ஆட்டியது. கலிஃபோர்னியாவில் சில குற்றங்களுக்குக் கீழ், நடு, மேல் என்று மூன்று எண்கள் இருக்கும். 6, 12, 16 வருடம் இருந்த ஒரு வழக்கில் நீதிபதி தானே சங்கதி கண்டு 16 போட்டதை 2007-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்போது அங்கே, 2022-இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, மேல் எண்ணைப் போட வேண்டுமானால் அதற்கான சங்கதியை ஜூரி காண வேண்டும் அல்லது குற்றவாளி ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தைய தண்டனைப் பதிவு மட்டும் விலக்கு.

நீதிபதி கண்டால் என்ன, ஜூரி கண்டால் என்ன? உண்மை ஒன்றுதானே?

ஆள் மட்டும் மாறவில்லை, தராசும் மாறுகிறது. ஜூரி முன் அரசு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தண்டனை விசாரணையில் நீதிபதிக்கு, இருக்கலாம் என்ற பக்கம் தராசு முள் இம்மி சாய்ந்தாலே போதும். ஜூரி முன் ஏற்கப்படாத செவிவழிச் செய்தி நீதிபதி முன் வரலாம். பன்னிரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒருவர் ஒத்துக்கொண்டால் ஆயிற்று. அப்ரெண்டி வழக்கில் ஒரு போலீஸ்காரர் சொன்ன ஒரு வாக்கியம் ஜூரி முன் எப்படி எடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மத்திய நீதிமன்றங்களிலும் இதே விதிதானா?

இங்கேதான் கொஞ்சம் வேடிக்கை. மத்திய நீதிமன்றங்களுக்கென்று 1987-இலிருந்து தண்டனை வழிகாட்டி நெறிகள் உண்டு. நீதிபதிகளைக் கட்டுப்படுத்தும் அட்டவணை. ஃபிரெடி புக்கர் என்பவரிடம் 92.5 கிராம் கிராக் கொக்கெய்ன் இருந்தது என்று ஜூரி கண்டது. அதற்கு அட்டவணையில் 210 முதல் 262 மாதம். நீதிபதி இன்னும் 566 கிராம் இருந்தது என்று தாமே கண்டு 30 வருடம் போட்டார்.

2005 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார்கள். சரி, பரிகாரம்? இனி எல்லாவற்றையும் ஜூரியிடம் கேளுங்கள் என்பார்கள் என்று எதிர்பார்த்தால், வேறொரு ஐவர், அதில் நால்வர் முதல் முடிவை எதிர்த்தவர்கள், "அட்டவணை இனி கட்டாயமில்லை, ஆலோசனை மட்டும்" என்று முடித்துவிட்டார்கள். இரண்டு கூட்டத்திலும் இருந்த ஒரே ஆள் கின்ஸ்பர்க். கட்டாயம் போய்விட்டால் உச்ச வரம்பு மறுபடி சட்டப் புத்தகத்தின் எண்ணுக்கே போய்விடும். அதற்குள் நீதிபதி தாராளமாகச் சங்கதி காணலாம். முன்வாசலில் ஜூரிக்கு மரியாதை, பின்வாசலில் பழைய வழக்கம்.

குறைந்தபட்சத் தண்டனையை உயர்த்தும் சங்கதிகளுக்கு?

2002-இல் ஜூரி வேண்டாம் என்றார்கள். 2013-இல் அலெய்ன் வழக்கில் வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். கொள்ளையில் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 வருடம், எடுத்துக் காட்டியிருந்தால் 7. அந்த வழக்கின் தீர்ப்புப் படிவத்தில் ஜூரி "பயன்படுத்தினார் அல்லது வைத்திருந்தார்" என்ற இடத்தில் குறித்தது. "எடுத்துக் காட்டினார்" என்று எதையும் குறிக்கவில்லை. நீதிபதி 7 போட்டார். ஜூரி குறிக்காததை நீதிபதி குறிக்க முடியாது என்பதுதான் கடைசியில் தீர்ப்பு.

அந்தப் படிவம் எப்படி இருக்கும்?

போதைப்பொருள் வழக்கை எடுத்துக்கொள்வோம். முதல் வரி: குற்றவாளி, குற்றவாளி அல்ல. குற்றவாளி என்றால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: கிராக் கொக்கெய்ன் அளவு சந்தேகத்துக்கு இடமின்றி எவ்வளவு என்று காண்கிறீர்கள்? 280 கிராமும் அதற்கு மேலும், 28 கிராமும் அதற்கு மேலும், 28-க்குக் கீழ் என்று மூன்று கட்டங்கள். ஏதாவது ஒன்றில் குறியிட்டு, தலைமை ஜூரர் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்.

முதல் கட்டத்தில் குறி விழுந்தால் குறைந்தது 10 வருடம், அதிகம் ஆயுள். இரண்டாவதில் 5 முதல் 40. மூன்றாவதில் குறைந்தபட்சமே இல்லை, உச்சம் 20. இவை முன்தண்டனை, உயிரிழப்பு எதுவும் சேராத கணக்குகள். எந்தக் கட்டத்துக்கு எத்தனை வருடம் என்பது ஜூரர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. தாங்கள் போடும் ஒரு பேனாக் குறிக்கு என்ன கனம் என்று தெரியாமலே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

மரண தண்டனை வழக்குகளில்?

அரிசோனாவில் கவச வண்டிக் கொள்ளை ஒன்றில் ஓட்டுநர் கொல்லப்பட்டார். திமோதி ரிங் கொள்ளையின்போது நடந்த கொலைக்குக் குற்றவாளி என்றது ஜூரி. திட்டமிட்ட கொலையா என்பதில் ஒத்துப்போகவில்லை. அந்த அளவில் அவருக்கு ஆயுள்தான். பிறகு நீதிபதி நடத்திய தண்டனை விசாரணையில் கூட்டாளி ஒருவர் வந்து, சுட்டது ரிங்தான் என்று சொன்னார். ஜூரி அந்தக் கூட்டாளியின் குரலையே கேட்டதில்லை. நீதிபதி மரண தண்டனை விதித்தார். 2002-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 கணக்கில் இதை மறுத்தது: மரணத்துக்குத் தகுதியாக்கும் கடுமைக் காரணியை, அதாவது குற்றத்தை மேலும் கடுமையாக்கும் சங்கதியை, ஜூரிதான் காண வேண்டும்.

ஃபுளோரிடா அப்போதும் பழைய வழியிலேயே போனது. அங்கே ஜூரி பரிந்துரை மட்டும் செய்யும்; நீதிபதி காண்பார். 2016-இல் ஹர்ஸ்ட் வழக்கில் அதுவும் விழுந்தது. அதில் ஜூரி பரிந்துரைத்ததே 7-க்கு 5 என்ற கணக்கில்தான். ஒருமனதாக வேண்டும் என்று கொஞ்ச காலம் மாற்றினார்கள். 2023-இல் 12-இல் 8 பேர் போதும் என்று சட்டம் வந்தது. கடுமைக் காரணி ஒன்றாவது இருக்கிறது என்பதை மட்டும் இன்னமும் ஒருமனதாகக் காண வேண்டும்.

பழைய குற்றங்களுக்காகத் தண்டனை கூட்டும்போது ஏன் ஜூரி வேண்டாம்?

அப்ரெண்டி விதியிலேயே உள்ள விலக்கு. அதன் வேர் 1998-இல் வந்த ஆல்மெண்டாரெஸ்-டோரஸ் தீர்ப்பு. நாடு கடத்தப்பட்டவர் மறுபடி நுழைந்தால் உச்சம் 2 வருடம். முன்பு கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தால் 20. முன்தண்டனையை நீதிபதியே பார்த்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். காரணம் புரியக்கூடியதுதான்: பழைய தண்டனை ஏற்கெனவே ஒரு நீதிமன்றத்தில் முடிவானது, ஆவணத்தில் இருப்பது. அதோடு, "இவன் பழைய திருடன்" என்று ஜூரி காதில் விழுந்தால் நடப்பு வழக்கையே அது கெடுத்துவிடும். ஆனாலும் அன்று ஐந்தாவது ஓட்டைப் போட்ட தாமஸ், இரண்டே வருடத்தில் அப்ரெண்டி தீர்ப்பில் அது தவறு என்று எழுதினார். தீர்ப்பு மட்டும் இன்னும் நிற்கிறது.

விலக்கு எவ்வளவு குறுகலானது என்பது 2024 ஜூனில் எர்லிங்கர் வழக்கில் தெரிந்தது. துப்பாக்கி வைத்திருந்த முன்னாள் குற்றவாளிக்கு, வன்முறை அல்லது கடும் போதைப்பொருள் குற்றங்களுக்கான மூன்று தண்டனைகள், அதுவும் *வெவ்வேறு சந்தர்ப்பங்களில்* செய்த குற்றங்களுக்காக, இருந்தால் குறைந்தது 15 வருடம். பல்லாண்டுகளுக்கு முந்தைய சில திருட்டுகள் ஒரே தொடர்ச்சியா, தனித்தனியா? அதை ஜூரிதான் சொல்ல வேண்டும் என்று கோர்சச் எழுதினார், 6-க்கு 3. எதிர்த்தவர்கள் காவனா, அலிட்டோ, ஜாக்சன். இந்த மூன்று பெயர்களையும் ஒரே பக்கத்தில் பார்ப்பது அபூர்வம். இந்த விஷயத்தில் இடது, வலது கணக்கு எப்போதுமே சரிவராது. முதல் தீர்ப்பிலேயே ஸ்காலியாவும் கின்ஸ்பர்க்கும் ஒரே பக்கம்.

பழைய கதை ஜூரியைக் கெடுக்காதா என்றால், அதற்கு வழி விசாரணையை இரண்டாகப் பிரிப்பது. முதலில் நடப்புக் குற்றம். குற்றவாளி என்று முடிவானால் அதே ஜூரி மறுபடி உட்கார்ந்து பழையதைப் பார்க்கும்.

ஜூரி விடுதலை செய்த குற்றத்துக்கும் தண்டனை கூட்ட முடியுமா?

முடியும் என்பதுதான் பலரை அதிர வைக்கும் பதில். ஒருவர் மீது இரண்டு குற்றச்சாட்டு. ஜூரி ஒன்றில் தண்டித்து மற்றொன்றில் விடுவிக்கிறது. விடுவித்ததன் பொருள், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்பது மட்டும்தான். இம்மி சாயும் தராசில் அதே செயலை நீதிபதி "நடந்தது" என்று கண்டு, நிரூபணமான குற்றத்தின் தண்டனையைக் கூட்டலாம் என்று 1997-இல் வாட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இண்டியானாபொலிஸில் ஒரு மருந்துக் கடைக் கொள்ளை. அதில் பிடிபட்ட ஒருவர் கொள்ளையில் குற்றவாளி, கூட்டாளியின் சாவுக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டில் விடுதலை. கொள்ளைக்கு மட்டும் கணக்குப் போட்டால் சுமார் 5 முதல் 6 வருடம் வரும். கிடைத்தது 19 வருடம். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவரது மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. வழிகாட்டி நெறிகளை எழுதும் தண்டனை ஆணையம் ஏதாவது செய்கிறதா பார்ப்போம் என்று சில நீதிபதிகள் எழுதினார்கள். ஆணையமும் செய்தது. மத்திய நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்ட செயலை வழிகாட்டிக் கணக்கில் பொதுவாகச் சேர்க்கக் கூடாது என்ற திருத்தம் 2024 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் வழிகாட்டியே ஆலோசனைதான் என்பதை மறக்க வேண்டாம்.

ஜூரியைக் கேட்காமல் விட்டுவிட்டால் தண்டனை தானாக ரத்தாகுமா?

ஆகாது. கேட்டிருந்தாலும் ஜூரி அதையேதான் சொல்லியிருக்கும் என்று மேல்நீதிமன்றம் கருதினால், "பாதிப்பில்லாத பிழை" என்று விட்டுவிடலாம் என்கிறது 2006-இன் ரெக்குவென்கோ தீர்ப்பு. மேல்முறையீடெல்லாம் முடிந்துவிட்ட பழைய கைதிகளுக்கு இன்னும் கஷ்டம். பிளேக்லி தீர்ப்பு வந்த அதே 2004 ஜூன் 24 அன்றுதான், ரிங் தீர்ப்பு பின்னோக்கிப் பொருந்தாது என்று சம்மர்லின் வழக்கிலும் சொன்னார்கள். ஒரே காலையில் ஒருவருக்குக் கதவு திறந்து இன்னொருவருக்கு மூடியது.

அபராதத்துக்கும், அடுத்தடுத்து அனுபவிக்கும் தண்டனைக்கும்?

அபராதத்துக்கு விதி பொருந்தும் (2012). பாதரசத்தை அனுமதியின்றிச் சேமித்த ஒரு நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 50,000 டாலர் வரை அபராதம். எத்தனை நாள் என்று ஜூரி சொல்லாமலே நீதிமன்றம் 762 நாள் கணக்குப் போட்டதுதான் அங்கே பிரச்சினை. இரண்டு தண்டனைகளை ஒரே காலத்தில் அனுபவிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதற்குப் பொருந்தாது (2009). அது நீதிபதி கையில்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு இதெல்லாம் எதற்கு?

நடைமுறையில் இதுதான் பெரிய கேள்வி. மத்திய நீதிமன்றத் தண்டனைகளில் 97 சதவீதமும், மாநிலத் தண்டனைகளில் 94 சதவீதமும் ஒப்புக்கொண்டு முடிபவை என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. அப்ரெண்டியும் பிளேக்லியும் ஒப்புக்கொண்டவர்கள்தான், ஜூரியின் முகத்தையே பார்க்காதவர்கள். ஒப்புக்கொள்ளும்போது கூடுதல் சங்கதியையும் சேர்த்து ஒப்புக்கொள்ளும்படி, அல்லது அதற்கான ஜூரி உரிமையை விட்டுக்கொடுக்கும்படி அரசுத் தரப்பு கேட்கலாம். "280 கிராம் கட்டத்தை ஜூரி முன் வைக்கட்டுமா, அல்லது 28-இல் முடித்துக்கொள்கிறாயா?" என்று கேட்டால் பெரும்பாலோர் என்ன சொல்வார்கள்? உரிமை கையில் இருப்பது பேரத்தில் ஒரு சீட்டு. கைகாரரான வக்கீல் இருந்தால் அது துருப்புச் சீட்டு. இல்லாவிட்டால் வெறும் காகிதம்.

ஆகவே கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் எந்தெந்தச் சங்கதிகளை ஒப்புக்கொள்வதாக எழுதியிருக்கிறது என்று வரிவரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் ஊரில்?

இலங்கையில் உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர் கொண்ட ஜூரி இன்னும் சட்டத்தில் உண்டு. இந்தியாவில் 1959-இன் நானாவதி வழக்கோடு ஜூரிக்குக் கெட்ட பெயர் வந்து, 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரி முறையே இல்லாமல் போனது. சங்கதியும் தண்டனையும் ஒரே நீதிபதி கையில்.

ஆனாலும் பழைய தண்டனையைக் காட்டித் தண்டனை கூட்ட வேண்டுமானால் அதைக் குற்றச்சாட்டிலேயே எழுத வேண்டும் என்று இங்கேயும் விதி இருக்கிறது. பழைய சட்டத்தில் பிரிவு 211, புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 234. எழுதினாலும் செஷன்ஸ் நீதிபதி அதை முதலில் வாசிக்கக் கூடாது, அரசு வக்கீலும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. நடப்புக் குற்றம் நிரூபணமாகி, குற்றவாளி என்று சொன்ன பிறகுதான் அந்தப் பத்தி வெளியே வரும்.